தோற்கும் வழியையும் ஓட்டிப் பாருங்கள்: லினக்ஸ் நெட்வொர்க் டிரைவருக்கு ஃபால்ட் இன்ஜெக்ஷன் செய்யும் முறை

ஏதாவது ஒரு நெட்வொர்க் டிரைவரின் ப்ரோப் ஃபங்ஷனை (கார்டு கிடைத்ததும் கர்னல் அழைப்பது) திறந்து பாருங்கள். வால் பகுதி முழுக்க லேபிள்களாக இருக்கும். ஐஓரீமேப் தோற்றால் இங்கே போ, ரெஜிஸ்டர்-நெட்டெவ் தோற்றால் அங்கே போ, அதுவரை வாங்கியதையெல்லாம் தலைகீழ் வரிசையில் திருப்பிக் கொடு. அந்த வரிகள் எழுதியவரின் கணினியில் ஒருமுறைகூட ஓடியிருக்காது. நினைவகம் தாராளமாகக் கிடக்கும் இயந்திரத்தில் நாலு கிலோபைட் கேட்டால் கர்னல் ஏன் இல்லை என்று சொல்லப்போகிறது? நெருக்கடியில் இருக்கும் சர்வரில்தான் அந்த வரிகள் முதன்முதலாக ஓடும்.

அதை முன்கூட்டியே ஓட வைக்கும் ஃபால்ட் இன்ஜெக்ஷன் (பழுதைத் திணித்தல்) என்ற வசதி லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அகினோபு மிட்டா எழுதியது. 2007இல் வந்த 2.6.20 பதிப்பில் சேர்ந்தது. நினைவகம் கேட்கும் இடங்களில் ‘இப்போது தோற்கட்டுமா?’ என்று ஒரு கேள்வியைச் செருகி, அதற்கான பதிலை நம் கையில் கொடுக்கிறது. கருவி எளிது. எந்த அழைப்பைத் தோற்க வைக்கிறோம் என்பதைக் குறிபார்ப்பதுதான் கடினம். கண்ணை மூடிக்கொண்டு பத்து சதவீதம் என்று வைத்தால் உங்கள் ஷெல் சாகும், எஸ்எஸ்ஹெச் சாகும், டிரைவர் மட்டும் சுகமாக இருக்கும்.

இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது இன்டெல்லின் இ1000இ டிரைவர். கியூஎமு எமுலேட்டர் 82574எல் கார்டைப் போலவே நடித்துக் காட்டும் என்பதால் உண்மையான கார்டு தேவையில்லை. கோப்பு, ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன் ஒன்று. டிசி நெட்எம் வைத்து பாக்கெட்டுகளைத் தொலைத்துவிட்டு “டிரைவரைச் சோதித்துவிட்டேன்” என்று சொல்பவர்கள் உண்டு. நெட்எம் டிரைவருக்கு மேலே, கியூடிஸ்க் (பாக்கெட் வரிசை) அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. அது சோதிப்பது டிசிபியின் பொறுமையை. டிரைவரின் பிழை கையாளும் வரிகளை அது தொடுவதே இல்லை.

களம்

சோதனைக் கர்னலைத் தனியாகக் கட்டுங்கள். ஃபால்ட் இன்ஜெக்ஷன், ஃபெயில்ஸ்லாப், ஃபெயில்-பேஜ்-அலாக், இவற்றுக்கான டீபக்எஃப்எஸ் (கர்னலின் சோதனைக் கோப்புகள்) இடைமுகம், ஸ்டாக்ட்ரேஸ் ஃபில்டர் ஆகிய ஐந்து கான்ஃபிக் தெரிவுகளும் வேண்டும். யூசர்காப்பி என்ற பெயரில் வரும் தெரிவை இப்போதைக்கு அணைத்தே வையுங்கள். இருந்தால் யூசர் நினைவகத்திலிருந்து நகலெடுக்கும் இடங்களும் தோற்கத் தொடங்கி, எண்ணிக்கை குழம்பும்.

பழுதைத் திணிப்பது பாதி வேலை, விளைவைப் பார்க்கும் கண்கள் மீதி. நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கேசன் இல்லாமல் ஓட்டினால் விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடும் பிழை சத்தமில்லாமல் தப்பிவிடும். கசிந்த நினைவகத்தைத் தேடும் கேமெம்லீக், பூட்டு வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப், தூங்கக்கூடாத இடத்தில் தூங்குவதைப் பிடிக்கும் டீபக்-அட்டாமிக்-ஸ்லீப், டிஎம்ஏவை (கார்டு நேரடியாக நினைவகத்தைத் தொடுவது) கண்காணிக்கும் டிஎம்ஏ-ஏபிஐ-டீபக் ஆகியவற்றையும் போடுங்கள். கர்னல் மெதுவாகும், பரவாயில்லை.

இ1000இ டிரைவரை மாட்யூலாகவே கட்டுங்கள். கியூஎமுவில் கியூ35 இயந்திரம், பிசிஐ-எக்ஸ்பிரஸ் ரூட் போர்ட் ஒன்று, அதன் கீழ் கார்டு. விருந்தினர் இயந்திரத்துக்குள் நுழைய சீரியல் கன்சோலைப் பயன்படுத்துங்கள். சோதிக்கும் கார்டு வழியாகவே உள்ளே நுழைந்திருந்தால், உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிறீர்கள்.

குமிழ்கள், அவற்றின் இயல்பு மதிப்புகள்

டீபக்எஃப்எஸ் மவுன்ட் ஆன இடத்தில் ஃபெயில்ஸ்லாப் என்றும் ஃபெயில்_பேஜ்_அலாக் என்றும் இரண்டு அடைவுகள் இருக்கும். முதலாவது கேமாலாக் வகைக் கோரிக்கைகளுக்கு, இரண்டாவது பக்கம் பக்கமாகக் கேட்பவற்றுக்கு. இரண்டிலும் ப்ராபபிலிட்டி சதவீதத்தைச் சொல்லும், இன்டர்வல் இடைவெளியைச் சொல்லும், டைம்ஸ் எத்தனை முறை என்பதைச் சொல்லும், வெர்போஸ் எவ்வளவு பேச வேண்டும் என்பதைச் சொல்லும். வெர்போஸ் 2 என்றால் ஒவ்வொரு திணிப்புக்கும் முழு ஸ்டாக் ட்ரேஸ் கர்னல் பதிவில் விழும். அதுதான் உங்களுக்கு வேண்டியது.

இயல்பு மதிப்புகளில் மூன்று பொறிகள் உண்டு. “ஆன் செய்தேன், ஒன்றுமே தோற்கவில்லை” என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணம்.

டைம்ஸ் இயல்பாக 1. ஒரே ஒரு தோல்வி, அதோடு சரி. வரம்பு வேண்டாமென்றால் -1 எழுதுங்கள்.

இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட் இயல்பாக ‘ஒய்’ (ஆம்). தூங்கிக் காத்திருக்கக்கூடிய கோரிக்கைகளை, அதாவது ஜிஎஃப்பி-கர்னல் கொடியோடு வருபவற்றை, இது தொடாமல் விட்டுவிடும். ப்ரோப்பும், இன்டர்ஃபேஸை அப் செய்யும்போது ஓடும் ஓப்பனும் கேட்பது கிட்டத்தட்ட முழுக்க அந்த வகைதான். ‘என்’ (இல்லை) என்று மாற்றாவிட்டால் அங்கே எதுவும் நடக்காது.

ஃபெயில்_பேஜ்_அலாக்கின் மின்-ஆர்டர் இயல்பாக 1. ஒற்றைப் பக்கக் கோரிக்கைகள் தப்பிவிடும். நெட்வொர்க் அடுக்கில் இது இன்னும் விசேஷமான ஏமாற்றம். பாக்கெட் பஃபருக்கான பக்கத் துண்டு ஒதுக்கி முதலில் பெரிய தொகுதியாகக் கேட்டுப் பார்க்கும், கிடைக்காவிட்டால் ஒற்றைப் பக்கத்துக்கு இறங்கிவிடும். நீங்கள் முதலாவதைத் தோற்கடிப்பீர்கள், இரண்டாவது காப்பாற்றிவிடும், டிரைவருக்கு விஷயமே தெரியாது. 0 எழுதுங்கள்.

இன்னொன்று: நோவார்ன் கொடியோடு வரும் கோரிக்கைகள் தோற்கும்போது பதிவில் எதுவும் விழாது. பதிவு காலியாக இருப்பதால் திணிப்பு நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ப்ரோப், ஓப்பன்: ஒவ்வொன்றாக எண்ணித் தோற்கடித்தல்

இந்த இரண்டுக்கும் சதவீதக் கணக்கு வேண்டாம். 2017இல் 4.13 பதிப்பில் வந்த ஃபெயில்-என்த் கோப்பு இதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. ப்ராக் அடைவில் உங்கள் த்ரெடுக்குரிய இடத்தில் இருக்கும். அதில் 5 என்று எழுதினால், அந்த த்ரெட் இனிச் செய்யும் தோற்கக்கூடிய அழைப்புகளில் ஐந்தாவது தோற்கும். பிறகு அதையே படித்தால், 0 வந்தால் திணிப்பு நடந்துவிட்டது. அதைவிடப் பெரிய எண் வந்தால் அவ்வளவு அழைப்புகள் நடக்கவே இல்லை. கர்னலில் பிழை தேடும் சிஸ்காலர் ஃபஸ்ஸரும் இதைத்தான் பயன்படுத்துகிறது.

ஷெல்லில் எக்கோ செய்துவிட்டு அடுத்த கட்டளையை ஓட்டலாமே என்று தோன்றும். சரிவராது. புதிய ப்ராசஸ் பிறக்கும்போது அந்த எண் 0 ஆகிவிடும். எக்ஸெக் செய்தால் எண் தொடரும், ஆனால் எக்ஸெக் அழைப்பே ஏகப்பட்ட நினைவகம் கேட்டு உங்கள் எண்ணிக்கையைத் தின்றுவிடும். எனவே பைத்தானிலோ சியிலோ ஒரு சிறிய நிரல் எழுதுங்கள்:

1. கார்டை டிரைவரிலிருந்து அன்பைண்ட் செய்யவும் (பிரிக்கவும்).
2. டிரைவரின் பைண்ட் கோப்பையும் (கார்டை இணைத்து ப்ரோப்பை ஓட வைப்பது) ஃபெயில்-என்த் கோப்பையும் முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்ளவும். திறப்பதும் நினைவகம் கேட்கும் செயல்.
3. ஃபெயில்-என்த் கோப்பில் சுற்று எண்ணை எழுதவும் (1இல் தொடங்கி). உடனே பைண்ட் கோப்பில் கார்டின் பிசிஐ முகவரியை எழுதவும். என்ன பிழை எண் வந்தது என்று குறித்துக்கொள்ளவும்.
4. ஃபெயில்-என்த்தைப் படிக்கவும், பிறகு அதில் 0 எழுதி அணைக்கவும்.
5. திணிப்பு நடந்திருந்தால் அனைத்தையும் சரிபார்த்துவிட்டு சுற்று எண்ணை ஒன்று கூட்டி மறுபடி முதலிலிருந்து. நடக்கவில்லை என்றால் எல்லாப் புள்ளிகளும் தீர்ந்தன, நிறுத்தவும்.

முதல் சில எண்களில் தோல்வி டிரைவர் வரை போகாது. நீங்கள் எழுதிய சரத்தை வாங்கி வைக்க சிஸ்எஃப்எஸ் கேட்கும் பஃபரே தோற்றிருக்கும். ஸ்டாக் ட்ரேஸில் இ1000இ பெயர் வரத் தொடங்கும் இடத்திலிருந்துதான் ஆட்டம்.

பைண்ட் தோற்றால் அது எதிர்பார்த்ததே. பைண்ட் வெற்றி பெற்று, ஆனால் திணிப்பும் நடந்திருந்தால் நிதானமாகப் பாருங்கள். சில இடங்களில் அது நியாயம்தான்: இ1000இ எம்எஸ்ஐ-எக்ஸ் வகை இன்டரப்ட் கிடைக்காவிட்டால் எம்எஸ்ஐக்கும், அதுவும் இல்லையென்றால் பழைய வகை இன்டரப்டுக்கும் இறங்கிக்கொள்ளும். அப்படி ஒரு மாற்றுவழி கோடில் தெரியாவிட்டால், டிரைவர் திரும்பி வந்த மதிப்பைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். பிங் செய்து, பிறகு அன்பைண்ட் செய்து பாருங்கள். பாதி கட்டிய வீடு இடிக்கும்போதுதான் தலையில் விழும்.

ஒரு எச்சரிக்கை. ஒன்றுக்கு மேற்பட்ட நூமா முனைகள் (தனித்தனி நினைவகமுள்ள செயலிக் குழுக்கள்) உள்ள இயந்திரத்தில் பிசிஐ அடுக்கு, ப்ரோப்பை அந்தக் கார்டுக்கு அருகிலுள்ள செயலியின் வொர்க்கியூவுக்குத் தள்ளிவிடக்கூடும். அப்போது அதை ஓட்டுவது வேறு த்ரெட். உங்கள் எண் பின்தொடராது. ட்ரேஸில் டிரைவர் பெயர் வரவே இல்லையென்றால் இதைச் சந்தேகியுங்கள்.

ஓப்பனுக்கும் இதே சுற்றுதான். பைண்ட் எழுதுவதற்குப் பதில், இன்டர்ஃபேஸை அப் செய்யும் ஐஓசிடிஎல் அழைப்பு. சாக்கெட்டை முதலிலேயே திறந்து வையுங்கள். இங்கே ரிங்குகளுக்கான (கார்டும் டிரைவரும் பஃபர்களைப் பரிமாறும் வட்ட வரிசைகள்) நினைவகம், டிஎம்ஏ பகுதி, இன்டரப்ட் பதிவு என்று வரிசையாக வரும். டிரைவர்களில் அடிக்கடி காணும் தவறுகள்: இன்டரப்டைப் பதிவு செய்தபின் வந்த தோல்வியில் அதைத் திருப்பிக் கொடுக்காமல் விடுவது, நாப்பியை (பாக்கெட்டுகளைத் தொகுதியாக வாங்கும் முறை) இயக்கிவிட்டு முடக்க மறப்பது, முடக்கியதையே மறுபடி முடக்குவது. கடைசியது குறிப்பாகக் கொடுமை. நாப்பி-டிஸேபிளை இரண்டாம் முறை அழைத்தால் அது அங்கேயே காத்துக் கிடக்கும், அதுவும் நெட்வொர்க் அமைப்பு மாற்றங்களைக் காக்கும் ஆர்டிஎன்எல் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு. அதன்பின் அந்த இயந்திரத்தில் எந்த ஐபி கட்டளையும் திரும்பி வராது.

ஆர்எக்ஸ் பாதை

பாக்கெட் வாங்கும் இந்தப் பாதையில் ஃபெயில்-என்த்தும் உதவாது, குறித்த ப்ராசஸை மட்டும் தோற்கடிக்கும் டாஸ்க்-ஃபில்டரும் உதவாது. இரண்டும் டாஸ்க் சூழலில் மட்டுமே வேலை செய்பவை. பாக்கெட் வாங்கும் வேலை நடப்பதோ எந்த ப்ராசஸுக்கும் சொந்தமில்லாத சாஃப்ட்ஐஆர்கியூவில்.

ஸ்டாக் முகவரி வடிகட்டிதான் வழி. ரிக்வயர்-ஸ்டார்ட், ரிக்வயர்-எண்ட் இரண்டிலும் முகவரி கொடுத்தால், அழைப்பின் ஸ்டாக்கில் அந்த எல்லைக்குள் ஏதாவது முகவரி இருந்தால் மட்டும் தோல்வி திணிக்கப்படும். மாட்யூலின் முழு டெக்ஸ்ட் பகுதியையும் கொடுப்பது வழக்கம். ஆர்எக்ஸ் பாதையில் அது தவறான குறி. நாப்பி அழைக்கும் டிரைவரின் ‘போல்’ ஃபங்ஷனே மேலே ஐபி, டிசிபி வரை அழைத்துக்கொண்டு போகிறது. டிசிபி ஓர் ஏசிகே அனுப்ப நினைவகம் கேட்டால் அந்த ஸ்டாக்கிலும் இ1000இ இருக்கும். நீங்கள் டிரைவரைச் சுடுவதாக நினைத்து டிசிபியைச் சுட்டுக்கொண்டிருப்பீர்கள்.

குறியை ஒரே ஃபங்ஷனுக்குச் சுருக்குங்கள். ரிங்கை நிரப்புவது இ1000_அலாக்_ஆர்எக்ஸ்_பஃபர்ஸ். அது ஃபங்ஷன் பாயின்டர் வழியாக அழைக்கப்படுவதால் கம்பைலர் அதை வேறு ஃபங்ஷனுக்குள் கரைத்துவிட முடியாது. ப்ராக் கேஆல்சிம்ஸ் பட்டியலில் முகவரி கிடைக்கும். அதைத் தொடக்கமாகவும் அடுத்த சின்னத்தின் முகவரியை முடிவாகவும் கொடுங்கள்.

இன்னும் கூர்மை வேண்டுமா? ஸ்லாப் (ஒரே வகைப் பொருள்களுக்கான நினைவகக் குவியல்) பெயரையும் சேர்த்துக் குறிவைக்கலாம். சிஸ் அடைவில் ஸ்லாப் பட்டியலில் எஸ்கேபஃப்_ஹெட்_கேஷ் என்பதன் கீழுள்ள ஃபெயில்ஸ்லாப் கோப்பில் 1 எழுதி, கேஷ்-ஃபில்டரை ஒய் ஆக்குங்கள். எழுத விடாமல் மறுத்தால் அந்த ஸ்லாப் வேறொன்றோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பூட் வரியில் ஸ்லாப்_நோமெர்ஜ் சேர்த்து மறுபடி ஏற்றுங்கள்.

இப்போது ப்ராபபிலிட்டி 100, டைம்ஸ் -1. எதிர்முனையிலிருந்து பிங் விடுங்கள். ஒன்றும் நடக்காது! காரணம் காப்பிபிரேக். 256 பைட்டுக்குக் கீழான பாக்கெட்டை இ1000இ புதிய சிறு பஃபருக்கு நகலெடுத்துவிட்டு, பழைய பஃபரை அப்படியே ரிங்கில் விட்டுவிடும். புதிதாக நிரப்ப வேண்டிய தேவையே எழாது. பிங்கின் அளவை 1000 பைட் ஆக்குங்கள், அல்லது நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டுங்கள்.

இனி ஈத்டூல் புள்ளிவிவரத்தில் அலாக்_ஆர்எக்ஸ்_பஃப்_ஃபெயில்ட் ஏறத் தொடங்கும். இயல்பான 256 டிஸ்கிரிப்டர் (பஃபருக்கான இடம்) கொண்ட ரிங் வெகு சீக்கிரம் காலியாகும், பாக்கெட் வரத்து நிற்கும். இதுவரை எல்லாம் சரி; நினைவகம் இல்லாதபோது பாக்கெட் வாங்க முடியாதுதான். சோதனை இனிமேல்தான். ப்ராபபிலிட்டியை 0 ஆக்கிவிட்டுக் காத்திருங்கள். வரத்து தானாக மீள வேண்டும்.

ஏன் மீளாமல் போகலாம் என்று யோசித்துப் பார்த்தால் வலை புரியும். ரிங்கை நிரப்புவது ‘போல்’ ஃபங்ஷன். அந்த ஃபங்ஷனை எழுப்புவது இன்டரப்ட். இன்டரப்டை எழுப்புவது பாக்கெட். பாக்கெட் வந்து விழ ரிங்கில் இடம் வேண்டும். ரிங் முழுக்கக் காலியானால் இந்தச் சக்கரம் நின்றுவிடும், நினைவகம் எவ்வளவு கிடைத்தாலும் யாரும் நிரப்ப வரமாட்டார்கள். இ1000இ இதற்கு வழி வைத்திருக்கிறது: அதன் வாட்ச்டாக் இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஒரு மென்பொருள் இன்டரப்டைத் தட்டிவிடும். விர்ட்டியோ-நெட், பல பதிப்புகளில் தனியாக ஒரு தாமத வேலையை வைத்து நிரப்பிக்கொண்டது. நீங்கள் எழுதும் டிரைவரில் இப்படி ஏதாவது இருக்கிறதா? எந்த க்ராஷும் இல்லாமல், எந்த எச்சரிக்கையும் இல்லாமல், லிங்க் அப் என்று காட்டிக்கொண்டே கார்டு செத்துக் கிடக்கும் இந்தப் பிழையைத்தான் நான் முதலில் தேடுவேன்.

5.12 முதலான கர்னல்களில் ஒரு குறுக்குவழி. இன்டர்ஃபேஸின் த்ரெடட் கோப்பில் 1 எழுதினால் நாப்பி தனி கர்னல் த்ரெடில் ஓடும். அது டாஸ்க் சூழல். அந்த த்ரெடின் மேக்-இட்-ஃபெயில் கோப்பில் 1 எழுதி டாஸ்க்-ஃபில்டரை ஒய் ஆக்கினால் மற்ற ப்ராசஸ்கள் எதையும் தொடாமல் ஆர்எக்ஸ் பாதை மட்டும் அடிவாங்கும். ஆனால் மேலே சொன்ன டிசிபி கலப்பு இதிலும் உண்டு, ஆகவே ஃபங்ஷன் எல்லையையும் சேர்த்தே வையுங்கள்.

டிஎம்ஏ மேப்பிங்

எக்ஸ்86இல் ஐஓஎம்எம்யூ (கார்டின் முகவரிகளை மாற்றித்தரும் வன்பொருள்) இல்லாமல், பஃபரை டிஎம்ஏவுக்குத் தயார்செய்யும் டிஎம்ஏ-மேப்-சிங்கிள் என்பது முகவரிக் கணக்கு மட்டுமே. நினைவகம் எதுவும் கேட்பதில்லை, ஆகவே ஃபெயில்ஸ்லாப் அதைத் தொட முடியாது. பலர் இந்த இடத்தைச் சோதிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

எஸ்டபிள்யூஐஓடிஎல்பி என்ற இடைநிலைப் பஃபர் குளத்தை வைத்து ஒரு தந்திரம் செய்யலாம். பூட் வரியில் எஸ்டபிள்யூஐஓடிஎல்பி அளவை 512 என்றும், கூடவே ஃபோர்ஸ் என்றும் கொடுங்கள். எல்லா மேப்பிங்கும் இடைநிலைப் பஃபர் வழியாகப் போகும். ஒரு கூறு 2 கிலோபைட், ஆக மொத்தம் 1 மெகாபைட்தான் உண்டு. கர்னல் இந்தக் குளத்தைத் தேவைக்கேற்ப வளர்க்கும் டைனமிக் தெரிவு கான்ஃபிக்கில் அணைந்திருக்க வேண்டும். விருந்தினருக்கு இரண்டு செயலி போதும்.

பிறகு ஈத்டூலில் ஆர்எக்ஸ் ரிங்கை 4096 ஆக்குங்கள். ஒவ்வொரு பஃபருக்கும் ஒரு கூறு என்றால் 8 மெகாபைட் வேண்டும், இருப்பது 1. மேப்பிங் கட்டாயம் தோற்கும், கர்னல் பதிவில் எஸ்டபிள்யூஐஓடிஎல்பி நிரம்பிவிட்டது என்ற வரி விழும், ஆர்எக்ஸ்_டிஎம்ஏ_ஃபெயில்ட் ஏறும். குளம் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால், பாக்கெட் அனுப்பிப் பார்த்தால் டிஎக்ஸ்_டிஎம்ஏ_ஃபெயில்ட்டும் ஏறும்.

டிஎக்ஸ் (பாக்கெட் அனுப்பும்) பக்கம் கவனிக்க வேண்டியவை இரண்டு. பாக்கெட் பல துண்டுகளாக இருந்து நான்காவது துண்டில் மேப்பிங் தோற்றால், முன்னால் மேப் செய்த மூன்றையும் கலைக்க வேண்டும். பின்னோக்கி எண்ணும் லூப்பில் ஒன்று கூடவோ குறையவோ போவது வாடிக்கை. அடுத்தது திரும்பும் மதிப்பு. தோற்ற பாக்கெட்டை விடுவித்துவிட்டு நெட்டெவ்-டிஎக்ஸ்-ஓகே திருப்ப வேண்டும். விடுவித்துவிட்டு பிஸி என்று திருப்பினால் மேலடுக்கு அதே பாக்கெட்டை மறுபடி கொண்டுவரும், கேசன் அலறும்.

டிஎம்ஏ-ஏபிஐ-டீபக் இயங்கிக்கொண்டிருந்தால் இன்னொரு லாபம். மேப்பிங் தோற்கவே வேண்டாம். திரும்பிய மதிப்பை டிரைவர் சோதிக்காமல் விட்டாலே, அன்மேப் செய்யும் நேரத்தில் அது எச்சரிக்கை தரும். இதை மட்டுமாவது எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

மற்றவை, சுருக்கமாக

நெட்டெவ் நோட்டிஃபையர் எரர்-இன்ஜெக்ட் மாட்யூலை ஏற்றினால் எம்டியூ (பாக்கெட்டின் உச்ச அளவு) மாற்றம் போன்ற நிகழ்வுகளை மேலடுக்கு மறுப்பதாக நடிக்க வைக்கலாம். மறுத்தபின் பழைய எம்டியூவுக்கு டிரைவர் சரியாகத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

6.13இல் வந்த ஃபெயில்_எஸ்கேபி_ரீஅலாக் தோல்வியைத் திணிப்பதில்லை, இடமாற்றத்தைத் திணிக்கிறது. ஹெடரை இழுக்கும் ஃபங்ஷன்களை அழைக்கும்போதெல்லாம் பாக்கெட்டின் தரவை வேறிடத்துக்கு நகர்த்திவிடும். பழைய பாயின்டரைக் கையில் வைத்திருக்கும் கோடு உடனே மாட்டிக்கொள்ளும். டெவ்நேம் கோப்பில் இன்டர்ஃபேஸ் பெயரைக் கொடுத்து எல்லையை வரையறுக்கலாம்.

வன்பொருள் பக்கத்துக்கு கியூஎமுவின் மானிட்டர் போதும். செட்_லிங்க் கேபிளைப் பிடுங்கியது போல் காட்டும். பிசிஐஇ_ஏஇஆர்_இன்ஜெக்ட்_எரர் பஸ் பிழையைக் கிளப்பி, டிரைவரின் எரர்-டிடெக்டட், ஸ்லாட்-ரீசெட், ரெஸ்யூம் மூன்றையும் ஓட வைக்கும். டிவைஸ்_டெல் முறைப்படி விடைபெறும் வகை என்றாலும், ஐபெர்ஃப் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்தால் பூட்டுப் பிழைகள் பல வெளியே வரும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு பார்க்க வேண்டியவை

அழைப்பு தோற்றதை வைத்து டிரைவரைக் குறை சொல்ல முடியாது. தோற்கச் சொன்னதே நாம்தான். தேர்வு மதிப்பெண் இங்கிருந்து வரும்:

முதலில் கர்னல் பதிவில் கேசன், லாக்டெப், வார்ன் வரிகள். தானியங்கி ஓட்டத்தில், எச்சரிக்கை வந்ததும் கர்னலை நிறுத்திவிடும் பேனிக்_ஆன்_வார்ன் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் நூறாவது சுற்றில் தெரியும் விளைவுக்கு மூன்றாவது சுற்றில் நடந்த காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அடுத்தது ப்ராக் இன்டரப்ட்ஸ், ப்ராக் ஐஓமெம் பட்டியல்கள்: ப்ரோப் தோற்றபின் இ1000இ பெயரில் அங்கே எந்த வரியும் மிஞ்சக்கூடாது. பிறகு கேமெம்லீக்குக்கு ஸ்கேன் கட்டளை, ஆனால் அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நினைவகம் கிடைக்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. அணைந்த கேமெம்லீக் கசிவு இல்லை என்று காட்டுவதை நம்பக்கூடாது.

கடைசியாக, திணிப்பை முழுக்க அணைத்துவிட்டு பைண்ட், அப், பெரிய பாக்கெட் பிங், டவுன், அன்பைண்ட், மாட்யூல் நீக்கம் என்று ஒரு முழுச் சுற்று. நீக்கும்போது கட்டளை தொங்கி, யூசேஜ் கவுன்ட் விடுபடக் காத்திருக்கிறேன் என்ற அன்ரெஜிஸ்டர்-நெட்டிவைஸ் வரி பத்து வினாடிக்கு ஒருமுறை பதிவில் விழ ஆரம்பித்தால், ஏதோ ஒரு பிழைப் பாதையில் எடுத்த ரெஃபரன்ஸை யாரோ திருப்பிக் கொடுக்கவில்லை. எந்தச் சுற்று எண்ணுக்குப் பிறகு அது தொடங்கியது என்று உங்கள் நிரல் குறித்து வைத்திருந்தால், அந்த எண்ணின் ஸ்டாக் ட்ரேஸைத் திறந்து, அதற்கு நேர் கீழே இருக்கும் லேபிளிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.